‘தமிழிலும் பேசும்’ என்று அச்சிடுமுன், எந்தத் தமிழில் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் தொழில்நுட்பப் பக்கத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரே செய்தி வேறு வேறு பெயர்களில் வருகிறது. ஏதோ ஒரு நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவுச் செயலி இனித் தமிழிலும் பேசும், தமிழை நன்றாகப் புரிந்துகொள்ளும் என்பதே அந்தச் செய்தி. படம் நிறுவனம் அனுப்பியது, மேற்கோள் நிறுவன அதிகாரி சொன்னது. அந்தச் செயலியைத் திறந்து தமிழில் நான்கு வரி கேட்டுப் பார்த்தவர் யார் என்பது மட்டும் எங்கும் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், கொட்டாஞ்சேனையில் மருந்துத் துண்டை விளங்கிக்கொள்ளப் பார்க்கும் முதியவரும், ‘பேப்பரிலேயே போட்டிருக்கிறார்கள்’ என்று நம்பித்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே இந்தச் செய்திகளை எப்படிச் சோதிப்பது என்று சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

எண்களிலிருந்து தொடங்குகிறேன். இந்த இயந்திரங்கள் நாம் படிப்பதுபோல் எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்களோடுதான் வேலை செய்கின்றன. அந்தத் துண்டின் பெயர் டோக்கன். கட்டணம் டோக்கன் கணக்கில்தான் அறவிடப்படுகிறது. ஒரே தடவையில் எவ்வளவு நீளமான ஆவணத்தைக் கொடுக்கலாம் என்பதும் அதே கணக்குத்தான். ‘கொழும்பு’ நமக்கு நான்கு எழுத்து. கணினிகள் எழுத்தைக் குறிக்கும் பொதுத் தரமான யுனிகோட்டில் அது எட்டுக் குறிகள்: நான்கு மெய்வரிசை எழுத்துகள், மூன்று உயிர்க்குறிகள், ஒரு புள்ளி. அக்குறிகளைச் சேமிக்கும் வழக்கமான யூடிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் (சேமிப்பிடத்தின் சிற்றலகு) பிடிக்கும், ஆக 24 பைட். அதே ஊரின் ஆங்கிலப் பெயருக்கு 7 பைட் போதும். வெட்டும் முறையும் பெரும்பாலும் ஆங்கிலத்தைப் பார்த்தே பழக்கப்பட்டதால், ஆங்கிலச் சொல் முழுத் துண்டாக வரத் தமிழ்ச் சொல் தூளாகிப் போனது. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்துக்கு இடம் இருக்க, தமிழுக்கு 70 குறிகளுக்கே இடம் என்ற பழைய பாரபட்சத்துக்கு இது நெருங்கிய உறவு.

2024 மே மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓ என்ற செயற்கை நுண்ணறிவை வெளியிட்டபோது, ஒரு மாதிரி வாசகத்தைப் பல மொழிகளில் வெட்டிக் காட்டியது. தமிழில் முன்பு 116 டோக்கன், இப்போது 35. ஆங்கிலத்தில் 27 இலிருந்து 24. இது உண்மையான முன்னேற்றம். ஆங்கிலத்தைவிட நான்கு மடங்குக்கு மேல் செலவான மொழி, ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு வந்துவிட்டது. அதைச் செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இதையே ‘மூன்று மடங்கு சிறப்பாகத் தமிழ் புரியும்’ என்று எழுதினால் அது பிழை. குறைந்திருப்பது வெட்டும் செலவு மட்டுமே. பஸ் கட்டணம் குறைந்துவிட்டது என்பதற்காகச் சாரதிக்கு வழி தெரியும் என்று ஆகிவிடாது.

வழி தெரிவது எதைப் படித்தது என்பதில் இருக்கிறது. இத்தகைய இயந்திரங்களுக்கு இரை போடும் பொது இணையத் திரட்டுகளில் பெரியது கொமன் குரோல். அதில் 40 சதவீதத்துக்கு மேல் ஆங்கிலம். தமிழ் ஒரு சதவீதத்தின் பத்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை. அந்தச் சிறு பங்குக்குள்ளும் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. அங்கே மக்கள் தொகை அப்படி. இலங்கைத் தமிழில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அச்சான பத்திரிகைகளும் நூல்களும் நம்மிடம் உண்டு. 2005 முதல் நூலகம் திட்டம் அவற்றைப் பக்கம் பக்கமாக வருடி (ஸ்கேன் செய்து) இணையத்தில் வைத்துவருகிறது. அந்தப் பெரும்பணி இல்லாவிட்டால் பல இதழ்களை நாம் கண்ணாலும் கண்டிருக்க மாட்டோம். ஆயினும் வருடிய பக்கம் ஒரு படம். அதிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்துப் பிழை திருத்தும்வரை இயந்திரத்துக்கு அது தமிழ் அல்ல.

எழுத்தாகவே இருப்பதிலும் ஒரு பெரிய பகுதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் சிக்கிக் கிடக்கிறது. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். இலங்கையில் பல்லாண்டுகளாக அரச சுற்றறிக்கை, பாடசாலை வினாத்தாள், கல்யாண அழைப்பிதழ், பத்திரிகைப் பக்கம் எல்லாம் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில்தான் தட்டப்பட்டன. இன்றும் பல இடங்களில் அப்படித்தான். பாமினி தமிழ் எழுத்தைச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்தைச் சேமித்து, அதற்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. திரையில் ‘தமிழ்’ என்று தெரியும். கோப்புக்குள் கிடப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். அப்படிப்பட்ட பீடிஎப் ஒன்றைச் செயலியிடம் கொடுத்து ‘சுருக்கித் தா’ என்றால் அதற்குக் கிடைப்பது அந்த ஆங்கிலக் குப்பை. ‘என்னால் வாசிக்க முடியவில்லை’ என்று அது சொன்னால் நல்லது. தலைப்பிலோ அடியிலோ ஆங்கிலத்தில் ஒரு திணைக்களத்தின் பெயரும் ஒரு திகதியும் இருந்துவிட்டால், அவற்றைப் பிடித்துக்கொண்டு அத்திணைக்களம் வழக்கமாக வெளியிடும் சுற்றறிக்கை போல ஒன்றை ஒழுங்கான தமிழில் புனைந்து தந்துவிடக்கூடும். படிப்பவர் சந்தேகப்பட அதில் ஒன்றும் இருக்காது.

கண்டுபிடிப்பது எளிது. பீடிஎப்பில் ஒரு வரியைத் தெரிவுசெய்து நகலெடுத்து, நோட்பேட் போன்ற வெறும் எழுத்துச் செயலியில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் அது பாமினி அல்லது அதன் இனம். தமிழாக வந்து கொம்பும் (ெ) அரவும் (ா) இடம் மாறிக் கிடந்தால் அது யுனிகோட். பீடிஎப் ஆக்கிய மென்பொருள் குழப்பியிருக்கிறது. ஒன்றையுமே தெரிவுசெய்ய முடியாவிட்டால் அது படம். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதை எழுத்துரு மாற்றியில் போட்டு யுனிகோட் ஆக்கலாம். இரண்டாவதையும் மூன்றாவதையும் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரியில் (ஓசிஆர்) கொடுப்பதே சுலபம். எதைச் செய்தாலும், பெயர், தொகை, திகதி மூன்றையும் மூலப் பக்கத்தோடு கண்ணால் ஒப்பிடாமல் விடக்கூடாது.

செயலி தமிழைத்தான் வாசிக்கிறது என்று உறுதியான பின்னர், ‘எந்தத் தமிழ்’ என்ற கேள்வி வருகிறது. தங்கள் செய்தியாளர் அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய சோதனை இது. நாட்டின் பெயரைச் சொல்லாமல், ‘அவசர அம்புலன்ஸுக்கு எந்த இலக்கம்?’ என்று தமிழில் கேளுங்கள். 108 என்று வந்தால் அது தமிழ்நாட்டு இலக்கம். இங்கே 1990. ‘காணி உறுதி’ (நில உரிமைப் பத்திரம்) என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள்; உறுதிமொழி, உத்தரவாதம் என்ற பொருளில் ஏதாவது வந்தால் சட்டத்தரணியிடம் கொண்டுபோகும் கடிதத்துக்கு அந்தச் செயலி உதவாது. பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லுங்கள். நம் சொல் தமிழ்நாட்டுச் சொல்லாக மாறுகிறதா, அதாவது கிராம உத்தியோகத்தர் கிராம நிர்வாக அலுவலர் ஆகிறாரா, வர்த்தமானி அரசிதழ் ஆகிறதா, ரூபா ரூபாய் ஆகிறதா, உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வருமான வரித்துறை ஆகிறதா என்று பாருங்கள். தேசிய அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த நாளைக் கணிக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு, பிறந்தது ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும் என்பதும், பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கமும் என்பதும் அதற்குத் தெரிகிறதா? ‘பெறாமகள்’ யார் என்று கேளுங்கள். அச்சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்ல முயல்கிறதா, உடன்பிறந்தாரின் மகள் என்ற உறவுமுறையைச் சொல்கிறதா?

நாட்டின் பெயரைச் சேர்த்து அதே கேள்விகளை இன்னொரு தடவை கேளுங்கள். பல விடைகள் திருந்தும். அப்படியானால் அச்செயலியிடம் இலங்கைத் தகவல் இருக்கிறது, ஆனால் தமிழ் என்றதும் முதலில் தமிழ்நாட்டுக்கே போகிறது என்று அர்த்தம். வாசகருக்கு இது பயனுள்ள செய்தி. ‘கேள்வியின் முதல் வரியிலேயே இலங்கை என்று எழுதுங்கள்’ என்ற ஓர் ஆலோசனையை அதோடு அச்சிடலாம். தமிழ்நாட்டுத் தமிழில் குறை இருக்கிறது என்பது என் கருத்தல்ல. விண்ணப்பம் போகும் அலுவலகம் இங்கே இருக்கிறது, அதுதான் பிரச்சினை.

குரலுக்கு வருகிறேன். ‘தமிழ்ப் பேச்சை 90 சதவீதத் துல்லியத்தோடு எழுத்தாக்கும்’ என்பதுபோல ஒரு வரி வந்தால், எந்தப் பேச்சை வைத்து அளந்தார்கள் என்பதே முதல் கேள்வி. பரவலாகப் பயன்படும் அளவுகோல்களில் ஒன்று, 2022 இல் கூகுள் வெளியிட்ட ஃபிளூர்ஸ் தொகுப்பு. 102 மொழிகளில், ஆங்கில விக்கிச் செய்தி போன்றவற்றிலிருந்து மொழிபெயர்த்த வாக்கியங்களை ஆட்களை வாசிக்கவைத்துப் பதிந்தது. எழுத்துத் தமிழை நிதானமாக வாசித்த குரல் அது. யாழ்ப்பாணத்து ‘வரேல்லை’யும், மட்டக்களப்பு ‘மறுகா’வும், முஸ்லிம் வீடுகளின் ‘ஈக்கி’யும், மலையகப் பேச்சும், கொழும்பில் ஒரே மூச்சில் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து வரும் தமிழும் அதற்குள் வராது. மின்விசிறி இரையும் அறையில், தொலைபேசி வழியாக வரும் குரலும் வராது.

அளக்கும் முறையிலும் ஒரு சிக்கல். மாறிய சொல், விடுபட்ட சொல், கூடுதலாக நுழைந்த சொல் மூன்றையும் கூட்டி, மூலத்தில் உள்ள மொத்தச் சொற்களால் வகுப்பதே வழக்கமான பிழை விகிதம். மூலத்தில் ‘போய்க்கொண்டிருக்கிறார்’ என்று ஒரே சொல்லாக இருந்து, இயந்திரம் ‘போய்க் கொண்டிருக்கிறார்’ என்று பிரித்து எழுதினால் ஒரு சொல்லுக்கு இரண்டு பிழை விழும். கேட்பவருக்கு அது பிழையே இல்லை. மறுபக்கம், ‘சாப்பிட வேண்டும்’ என்பது ‘சாப்பிட வேண்டாம்’ ஆனால் ஒரு பிழைதான். அந்த ஒரு பிழை மருந்துக் குறிப்பில் வந்தால் என்ன ஆகும்? ஆகவே தமிழில் இந்தச் சதவீதத்தைத் தனியே அச்சிடுவது எந்தப் பயனும் தராது. பத்திரிகை அலுவலகத்திலேயே ஐந்து பேச்சு வழக்குக்காரர் இருப்பார்கள். ஆளுக்குப் பத்து வாக்கியம், வாசிக்காமல் இயல்பாகப் பேசியது, கைபேசியில் பதியுங்கள். எதிர்மறை, எண், ஊர்ப்பெயர், ஆட்பெயர் நான்கும் அவற்றில் இருக்கட்டும். ஐம்பது வாக்கியத்தில் எத்தனையின் பொருள் மாறிப்போனது என்று எண்ணுங்கள். அந்த எண்ணை எந்த நிறுவனமும் தராது, தாங்கள் தரலாம்.

நிறுவனம் காட்டும் செய்முறைக் காணொளியைச் சான்றாக ஏற்க வேண்டாம் என்பதற்கு அண்மைய காலமே போதிய உதாரணம் தருகிறது. 2023 பெப்ரவரியில் கூகுளின் உரையாடல் செயலியான பார்ட்டின் அறிமுக விளம்பரத்திலேயே ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பற்றித் தவறான விடை இருந்தது. அதே ஆண்டு டிசெம்பரில் அதே நிறுவனம் ஜெமினி என்ற செயற்கை நுண்ணறிவுக்காக வெளியிட்ட காணொளியில், குரலில் உடனுக்குடன் நடப்பதுபோல் தெரிந்த உரையாடல் உண்மையில் நிலைப்படங்களையும் எழுத்தில் கொடுத்த கேள்விகளையும் வைத்துச் செய்தது என்று நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டு நவம்பரில் மெட்டா அறிவியல் கட்டுரைகளுக்கென்று விட்ட கலக்டிகா என்ற செயலி, மூன்றே நாளில் பொதுப் பாவனையிலிருந்து எடுக்கப்பட்டது. சட்டையில் குத்திக்கொள்ளும் ஹியூமேன் ஏஐ பின் என்ற கருவி 2024 ஏப்ரலில் 699 டொலருக்கு, நம் பணத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேல், வந்தது. மாதம் 24 டொலர் தனி. 2025 பெப்ரவரியில் அதை ஆக்கிய ஹியூமேன் நிறுவனத்தின் சொத்துகளைக் கணினி நிறுவனமான எச்பி 116 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அம்மாதம் 28 ஆம் திகதியோடு, முன்பு அந்தக் கருவியை வாங்கியிருந்தவர்களுக்கான சேவை நின்றது. கைபேசிக்கு மாற்று என்று தொடக்கத்தில் உலகமெங்கும் எழுதினார்கள். முடிவுக்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை. தொழில்நுட்பப் பக்கத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘அன்று எழுதினோம், இன்று என்ன நிலை’ என்று அரைப் பத்தி போட்டாலே வாசகர்கள் நன்றியோடு படிப்பார்கள்.

இங்குள்ள வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் காப்புறுதி நிறுவனங்களும் தமிழ் உரையாடல் செயலிகளை அறிவிக்கும்போது இன்னொரு கேள்வி சேர்கிறது: அது சொல்லும் விடைக்கு நிறுவனம் பொறுப்பா? கனடாவில் எயார் கனடாவின் இணையச் செயலி, உறவினர் மரணத்துக்கான கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு பயணியிடம் தவறாகச் சொன்னது. பிறகு நிறுவனம் பணம் கொடுக்க மறுத்தது. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம், செயலி சொன்னதற்கும் நிறுவனமே பொறுப்பு என்று பணத்தைக் கொடுக்கச் சொன்னது. இங்கே அப்படியொரு அறிவிப்பு வரும்போது செய்தியாளர் மூன்றைக் கேட்டு எழுத வேண்டும். தமிழ் விடைக்கும் ஆங்கில நிபந்தனைக்கும் முரண் வந்தால் எது செல்லும்? உரையாடலின் பிரதியை வாடிக்கையாளர் பெற முடியுமா? ‘ஆளோடு பேச வேண்டும்’ என்று தமிழில் எழுதினால் தமிழ் தெரிந்த ஆள் எத்தனை நிமிடத்தில் வருகிறார்? மூன்றாவதை அங்கேயே கைபேசியில் முயன்று பார்க்கலாம். தமிழ்ச் செயலி வந்துவிட்டது என்ற காரணத்தால் தமிழ் பேசும் ஊழியரைக் குறைப்பதே உள்நோக்கம் என்றால் அதுதான் தலைப்புச் செய்தி.

எனவே ஒவ்வொரு அறிவிப்பின் கீழும் ஒரு சிறு பெட்டி போடும்படி கேட்கிறேன்: பரிசோதித்த திகதி, செயலியின் பதிப்பு, இலவசமா கட்டணமா, எத்தனை கேள்வி கேட்கப்பட்டது, எத்தனை பிழை. பதிப்பும் திகதியும் முக்கியம். இந்தச் செயலிகள் சத்தமின்றி மாறிவிடும், போன மாதப் பிழை இந்த மாதம் இருக்காது. நேரம் இல்லை என்றால் ‘நிறுவனத்தின் அறிவிப்பு, நாம் பரிசோதிக்கவில்லை’ என்று ஒரு வரி போதும்.

கடைசியாக, தங்கள் பத்திரிகையின் பழைய இதழ்கள். அவை யுனிகோட்டில் இருந்தால், இலங்கைத் தமிழ் எது என்று இயந்திரங்களுக்கு மட்டுமல்ல, தேடிப் படிக்கும் மாணவருக்கும் தெரியும். அப்பணி நடக்குமானால் வழக்கமாகக் கெடும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். பக்கம் முழுவதையும் நகலெடுத்து மாற்றியில் ஒட்டினால் எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருந்தது என்ற விவரம் போய்விடும்; இடையில் வேறு எழுத்துருவில் இருந்த ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாகும். பாமினியில் காற்புள்ளியின் இடத்தில் ‘இ’ இருப்பதால் 10,000 ரூபா ‘10இ000 ரூபா’ ஆகும். இணையத்தில் இன்றும் இப்படிக் கிடக்கும் பழைய செய்திகள் ஏராளம். எழுத்துரு வாரியாகப் பிரித்து, பாமினிப் பகுதியை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் மூன்றைத் தேடுங்கள். இரண்டு இலக்கங்களுக்கு நடுவே ‘இ’. ‘ரி’, ‘ர்’ தட்ட வேண்டிய இடத்தில் அரவைத் தட்டும் பழைய தட்டச்சாளர் பழக்கத்தால் வரும் ‘ாி’, ‘ா்’. ‘கௌரவ’ என்பதற்குப் பதில், கொம்பும் ‘ள’வுமாகப் பிரிந்து நிற்கும் ‘கெளரவ’. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ‘கௌரவ அமைச்சர்’ என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் அகப்படாது. பௌத்தம், மௌலவி, சௌக்கியம் எல்லாவற்றிலும் இதே கதைதான். இருபது பக்கத்துக்கு ஒரு பக்கத்தை எடுத்து மூல அச்சோடு ஒருவர் ஒப்பிட்டு வாசிக்கட்டும். அதில் புதிய வகைப் பிழை ஒன்று அகப்பட்டால் அந்த இருபதையும் மீண்டும் ஓட்டுங்கள்.

இங்ஙனம்,
தமிழ் எழுத்துரு, ஆவண மாற்றுப் பணியில் உள்ள வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.